யூ-டர்ன் எடுக்க எந்த வழி: ஒரே வீச்சா, காலூன்றியா, இறங்கியா?

மோட்டார் சைக்கிளை வந்த திசைக்கே திருப்ப மூன்று வழிகள் உண்டு. இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்தபடியே ஒரே வீச்சில் வளைப்பது ஒன்று. உட்கார்ந்தபடி இரு கால்களையும் ஊன்றி, முன்னும் பின்னுமாகத் தள்ளித் திருப்புவது இன்னொன்று. எஞ்சினை அணைத்து, இறங்கி, கையால் உருட்டித் திருப்புவது மூன்றாவது. இடத்தையும் வண்டியையும் பொறுத்து மூன்றுமே சரியான வழிகள்தான். தவறு என்று சொல்ல வேண்டியது, பலர் அறியாமலே செய்யும் கலப்பு வழியை: ஒரே வீச்சில் வளைக்கத் தொடங்கி, பாதியில் பயந்து, உள்பக்கக் காலைத் தரைக்கு நீட்டுவது.

நம் சாலைகளில் இந்தக் கலப்பு ஏன் கூடுதல் ஆபத்து என்பதைக் கவனியுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் யூ-டர்ன் வலப்பக்கம் எடுக்கிறோம். வண்டி வலப்பக்கம் சாய்கிறது. பயத்தில் தரையைத் தேடுவது வலது கால். பின் பிரேக்கைப் பிடித்திருப்பதும் அதே வலது கால். அது பெடலை விட்ட நொடியில் கையில் மிஞ்சுவது முன் பிரேக் மட்டும்தான். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குகிறது, முன் சக்கரம் சட்டென்று நிற்கிறது, வண்டியின் மொத்த எடையும் உள்பக்கம் சரிகிறது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் யூ-டர்ன் இடப்பக்கம் என்பதால், அங்கே இடது காலை நீட்டினாலும் பின் பிரேக் கைவிட்டுப் போகாது. அந்த நாடுகளில் எடுத்த வீடியோக்களைப் பார்த்து “தேவைப்பட்டால் உள்கால் ஊன்றலாம்” என்று பழகுவது நம் ஊருக்குப் பொருந்தாது.

ஆகவே முடிவை வளையத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். அதை முதலில் தீர்மானிப்பது சாலையின் அகலம்.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் அளவுகளின்படி ஒற்றைத் தடச் சாலையின் தார்ப்பரப்பு 3.75 மீட்டர், இடைநிலைச் சாலை 5.5 மீட்டர், இருதடச் சாலை 7 மீட்டர். இந்த மூன்று எண்களையும் வண்டியின் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 1,236 மி.மீ. ஹேண்டில் ஒரு பக்கம் 40 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொண்டால், முன் சக்கரம் போடும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 3.85 மீட்டர். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-க்கு வீல்பேஸ் 1,390 மி.மீ. 38 டிகிரி என்று எடுத்தால் விட்டம் 4.5 மீட்டர். யமஹா ஆர்15 போன்ற, ஃபேரிங் (முன்பக்க மூடு கவசம்) உள்ள வண்டிகளில் ஹேண்டில் டேங்கிலும் ஃபேரிங்கிலும் இடிக்காமலிருக்கக் குறைவாகத்தான் திரும்பும். 1,325 மி.மீ. வீல்பேஸுக்கு 30 டிகிரி என்றால் விட்டம் 5.3 மீட்டர். இவை தாளில் வரும் கணக்கு. தொடங்கும் இடம், முடிக்கும் இடம், தார் விளிம்பிலிருந்து விடும் ஓரடி இடைவெளி எல்லாம் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து வரும் முடிவு தெளிவானது. 3.75 மீட்டர் கிராமச் சாலையில் எந்த பைக்கையும் ஒரே வீச்சில் திருப்ப முயல வேண்டாம், ஸ்ப்ளெண்டரானாலும் சரி. 5.5 மீட்டரில் 100–125 சிசி வண்டிகள் தாராளமாகத் திரும்பும், புல்லட் வகை பழகிய கைக்குத் திரும்பும், ஸ்போர்ட்ஸ் வண்டி திரும்பாது. 7 மீட்டரில் எல்லாமே திரும்பும். அங்கே திரும்ப முடியவில்லை என்றால் குறை பயிற்சியில்தான்.

ஒரே வீச்சு: கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்

மூன்றில் வேகமானது, போக்குவரத்தை மறிக்காதது, பழகிவிட்டால் உடலுக்கு அலுப்பே தராதது இந்த வழி. ஆனால் இதில்தான் கை, கால், கண் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

அடிப்படை இது: முதல் கியர், ஆக்ஸிலேட்டர் ஐடிலுக்கு (எஞ்சின் சும்மா ஓடும் வேகத்துக்கு) சற்று மேலே ஒரே நிலையில், கிளட்ச் பாதிப் பிடியில், பின் பிரேக் லேசாக. எஞ்சின் பின் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, பின் பிரேக் அதை அடக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த இழுபறியில் செயின் எப்போதும் விறைப்பாக இருக்கும், வண்டி குலுங்காது, வேகம் காலின் அழுத்தத்தில் கூடிக் குறையும். ஆக்ஸிலேட்டரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒருமுறை வைத்த சத்தம் திருப்பம் முடியும்வரை அதே சத்தமாகக் கேட்க வேண்டும். வேகம் கூட வேண்டுமா, கிளட்சை ஒரு நூல் விடுங்கள். குறைய வேண்டுமா, பெடலை ஒரு நூல் அழுத்துங்கள்.

வலப்பக்கத் திருப்பத்தில் கைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஹேண்டில் வலப்பக்கம் முழுக்கத் திரும்பும்போது வலது கை வயிற்றை நோக்கி வருகிறது, இடது கை எட்டிப் போகிறது. வலது மணிக்கட்டு மடங்கும்போது ஆக்ஸிலேட்டர் தானாக முறுக்கப்படும். இடது விரல்களுக்குக் கிளட்ச் லீவர் நுனியில்தான் எட்டும். பலர் “வண்டி திடீர்னு பாய்ஞ்சிடுச்சு” என்று சொல்வது இங்கேதான். வழி: திருப்பத்துக்கு முன்பே வலது முழங்கையைத் தாழ்த்தி வெளிப்பக்கம் விடுங்கள், கிரிப்பை உள்ளங்கையால் இறுக்காமல் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள், மற்ற விரல்கள் முன் பிரேக் லீவரில் போகாமல் கிரிப்பைச் சுற்றியே இருக்கட்டும். இடுப்பைச் சீட்டில் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் கிளட்சுக்கு இடது கை எட்டும்.

உடல் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் அதிகம். வேகமான வளைவில் உடலும் வண்டியோடு உள்பக்கம் போகும். மெதுவான திருப்பத்தில் நேர் எதிர்: வண்டி மட்டும் உள்பக்கம் சாய வேண்டும், உடல் நிமிர்ந்தோ வெளிப்பக்கமோ இருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது இடது ஃபுட்ரெஸ்டில் எடையைப் போட்டு, இடது தொடையைச் சீட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். வேகம் குறைவென்பதால் வெளியே தள்ளும் விசை குறைவு, அது தாங்கும் சாய்வும் குறைவு. உடல் வெளிப்பக்கம் போனால் அதே வேகத்தில் வண்டியை இன்னும் சாய்க்கலாம். வண்டி சாயச் சாய வட்டம் சுருங்கும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. 2.5 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 8 கி.மீ. போனால் சமநிலைக்குத் தேவையான சாய்வு 11 டிகிரி. 12 கி.மீ. ஆக்கினால் 24 டிகிரி. நான்கே கிலோமீட்டர் கூடியதும் சாய்வு இரண்டு மடங்காகிறது. எனவே நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே, ஒரே சீராகப் போக வேண்டும். ரொம்ப மெதுவாகப் போனாலும் வண்டி ஆடும், சமாளிக்க ஹேண்டிலை இங்கும் அங்கும் அசைக்க வேண்டிவரும், வட்டம் கோணலாகும்.

கண்ணைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். “திரும்பும் பக்கம் பார்” என்றால் முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டடி தள்ளிப் பார்ப்பது அல்ல. தாடை வலது தோளுக்கு மேல் வரும்வரை தலையைத் திருப்பி, திருப்பம் முடிந்து வண்டி போகப்போகும் சாலையையே பார்க்க வேண்டும். எதிர்ப்புறத் தார் விளிம்பைப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

5.5 மீட்டர் சாலையில் ஒரு திருப்பத்தை அடி அடியாகப் பார்ப்போம். இடது ஓரத்தில், தார் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே வண்டி நேராக நிற்கிறது. கண்ணாடியைப் பார்த்து, பின் தலையையும் திருப்பிப் பார்த்து, இரு புறமும் வண்டி இல்லை என்று உறுதி செய்தாயிற்று. ஆக்ஸிலேட்டரை வைத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விட்டு, இரண்டு மீட்டர் நேராக உருண்டதும் வலது கால் பெடலில் லேசாக அமர்கிறது. தலை திரும்புகிறது, அதன் பின் ஹேண்டில் திரும்புகிறது. தார்ச்சாலை நடுவில் மேடாகவும் இரு ஓரத்திலும் சரிவாகவும் இருப்பதால், முதல் பாதியில் வண்டி சற்றே ஏறுகிறது. எஞ்சின் திணறினால் இங்கேதான் திணறும், அதனால் கிளட்சில் ஒரு நூல் கூடுதல் பிடி தேவை. நடு மேட்டைத் தாண்டியதும் சரிவு வெளிப்பக்கம் இழுக்கிறது. வண்டி தானாக வேகமெடுத்து எதிர் ஓரத்துக்குப் போகப் பார்க்கும். பின் பிரேக்கின் உண்மையான வேலை இந்த இரண்டு மீட்டரில்தான். பெடலைச் சற்று அழுத்தி, தலையை இன்னும் திருப்பி, வண்டியைச் சாய்வில் வைத்தபடியே கொண்டுவந்தால் எதிர் ஓரத்து மண்ணுக்கு ஓரடி முன்பே முன் சக்கரம் திரும்பிவிடும். சாலை நேரானதும் பெடலை விட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிடலாம். வண்டி தானே நிமிரும்.

விழுவது எதனால்

பாதியில் கிளட்சை முழுக்கப் பிடிப்பதுதான் முதல் காரணம். பயம் வந்தால் இடது கை தானாக இறுகும். பின் சக்கரத்துக்கு வரும் இழுவை நின்றதும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த வேகம் குறைந்து, சாய்ந்த பக்கமே விழும். சாய்வு அதிகமாகிறது என்று தோன்றினால் செய்ய வேண்டியது நேர் எதிரானது: பின் பிரேக்கை விடுங்கள், கிளட்சைக் கொஞ்சம் விடுங்கள். பின் சக்கரம் இழுத்தவுடன் வண்டி நிமிரும்.

இன்னொரு காரணம் ஹேண்டிலை லாக்கில், அதாவது அது திரும்பக்கூடிய கடைசி எல்லையில், போய் முட்டவைப்பது. உள்பக்கம் சரியும் வண்டியை நிமிர்த்த இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று ஹேண்டிலை இன்னும் அந்தப் பக்கம் திருப்புவது, மற்றது கூடுதல் இழுவை கொடுப்பது. லாக்கில் முட்டியதும் முதல் கருவி போய்விட்டது. பழகாத கைக்கு லாக்குக்கு ஓரிரு விரலளவு முன்பே நிறுத்துவது நல்லது. கிளட்ச் கை பழகிய பிறகு முழு லாக்கில் போகலாம்.

எஞ்சின் ஆஃப் ஆவது பெரும்பாலும் பின் பிரேக்கை அதிகம் அழுத்தி, கிளட்சையும் அதிகம் விட்டிருப்பதால். சாய்வில் இருக்கும்போது ஆஃப் ஆனால் காப்பாற்ற நேரமிருக்காது. கிளட்ச் விரல்கள் எந்த நொடியும் லீவரை விட்டு எடுக்கப்படக் கூடாது என்பது இதற்காகத்தான்.

பாதிக் கிளட்ச் போட்டால் பிளேட் போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கிய பல தட்டு வகை. சில வினாடித் திருப்பத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. மலைப்பாதை நெரிசலில் பாதிக் கிளட்சிலேயே நிமிடக் கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால்தான் கருகும் வாசனை வரும்.

வண்டியும் ஒத்துழைக்க வேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. பிளே (தளர்வு) இருப்பது ஸ்ப்ளெண்டர் வகைக்கு சரியான அளவு. அதிகமானால் பிடிக்கும் இடம் விரல் நுனிக்குப் போய்விடும். ஐடில் 1,400 ஆர்பிஎம் சுற்றி இருக்க வேண்டும். குறைவாக வைத்த வண்டி திருப்பத்தில் ஆஃப் ஆகும். செயின் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் ஜெர்க் அடிக்கும். கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) தேய்ந்து நடுவில் குழி விழுந்த வண்டியில் ஹேண்டில் நேர் நிலையில் மாட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று விழும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்ப்ளெண்டரின் முன் டயரில் 25 பிஎஸ்ஐ இல்லாமல் 15-ல் ஓடினால் ஹேண்டில் கனக்கும், வளைவில் தானாக உள்ளே இழுக்கும். ஹேண்டிலில் காய்கறிப் பை தொங்கினால் முழு லாக்கில் அது முழங்காலில் இடிக்கும். பையைக் கழற்றாமல் ஒரே வீச்சில் திருப்பப் போக வேண்டாம்.

125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் 2019 முதல் சிபிஎஸ் (இரு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் வண்டியில் பின் பெடலை அழுத்தினால் முன் பிரேக்கும் ஓரளவு சேரும். லேசான அழுத்தத்தில் வேலை செய்வது பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான், அழுத்தி மிதித்தால் முன்னும் பிடிக்கும். ஆகவே திருப்பத்தில் பெடல் மேல் பாதம் அமர்ந்திருக்கும் அளவே போதும். பெரிய வண்டிகளில் உள்ள ஏபிஎஸ்ஸை இங்கே நம்ப வேண்டாம். நடக்கும் வேகத்தில் அது வேலை செய்யாது.

பின்னால் ஆள் இருந்தால் கணக்கு மாறும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவரின் கால்களும் எடையும் இடப்பக்கம். வலப்பக்க யூ-டர்னில் அந்த எடை வெளிப்பக்கம் விழுவதால் வண்டியை இன்னும் சாய்க்க உதவும். இடப்பக்கம் திரும்பும்போது அதுவே எதிரி: வண்டி சாயாது, வட்டம் விரியும். எப்படியானாலும் திருப்பத்தின் நடுவில் அவர் அசைந்தால் சமாளிப்பது கடினம். “திருப்பப் போறேன், அசையாம இருங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 5.5 மீட்டருக்குக் குறைந்த சாலையில் அவரை இறக்கிவிட்டுத் திருப்புவதே சரி.

காலூன்றித் தள்ளுவது

3.75 மீட்டர் சாலைக்கும் தெரு முட்டுச்சந்துக்கும் இதுதான் வழி. வலப்பக்கம் முழு லாக்கில் மெதுவாகப் போய், எதிர் விளிம்புக்கு அரையடி முன்பே நின்றுவிடுங்கள். முன் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கினால், அந்த இரண்டு அங்குலப் பள்ளத்திலிருந்து பின்னால் இழுப்பதுதான் முழு வேலையாகிவிடும். நின்றதும் நியூட்ரல், ஹேண்டிலை இடப்பக்க லாக்குக்கு மாற்றி, குதிகாலை ஊன்றிப் பின்னால் தள்ள வேண்டும். பிறகு மீண்டும் வலப்பக்கம்.

உயரம் இதில் தீர்மானிக்கும். ஸ்ப்ளெண்டரின் சீட் 785 மி.மீ., எடை 112 கிலோ. பாதம் முழுக்க ஊன்ற முடிகிறவருக்கு இது எளிது. கிளாசிக் 350 சீட் 805 மி.மீ., எடை 195 கிலோ. கால்விரல் மட்டும் எட்டுகிறவர் உட்கார்ந்தபடி அதைப் பின்னால் தள்ளுவது வீண் வேலை. கால் வழுக்கினால் வண்டி போய்விடும். மலைச்சரிவில் வண்டி குறுக்கே நிற்கும்போது சரிவின் கீழ்ப்பக்கக் காலுக்குத் தரை எட்டாது. எடையை எப்போதும் மேட்டுப் பக்கக் காலில் வைத்திருங்கள். வண்டி நின்று, கால் ஊன்றிய பிறகு முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கலாம், பிடித்திருக்கவும் வேண்டும். முன் பிரேக் எதிரியாவது வண்டி சாய்ந்து உருளும்போது மட்டுமே.

இறங்கித் திருப்புவது

கனமான வண்டி, எட்டாத கால், ஜல்லி, சேறு, செங்குத்தான சரிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இறங்கிவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. எஞ்சினை அணைத்து, வண்டியைத் தன் இடுப்பின் மேல் ஓரிரு டிகிரி சாய்த்துக்கொண்டு, வலது கை பின்பக்கக் கைப்பிடியிலோ சீட்டிலோ, இடது கை ஹேண்டிலில் இருக்க உருட்ட வேண்டும். சரிவில் நிற்கும்போது மேட்டுப் பக்கம் நில்லுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் வண்டி உங்கள் மேல் சாயும்.

சைடு ஸ்டாண்டை மையமாக வைத்து வண்டியைச் சுழற்றும் வித்தையைப் பலர் செய்கிறார்கள். சிமெண்ட் தரையில், இலகுவான வண்டியில் சமயத்துக்கு நடக்கும். ஆனால் ஸ்டாண்டின் போல்ட்டும் பிராக்கெட்டும் அந்தச் சுழற்சிக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. சித்திரை வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்ட் புதைந்தும் போகும். புல்லட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

ஸ்கூட்டர், மின் ஸ்கூட்டர்

பெட்ரோல் ஸ்கூட்டரில் கிளட்ச் கையில் இல்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் மையவிலக்கு கிளட்ச் பிரிந்து, பைக்கில் கிளட்சை இறுக்கிய அதே நிலை வந்துவிடும். ஆகவே ஆக்ஸிலேட்டரை விடாமல் சிறிது திறந்து வைத்து, இடது லீவரை லேசாகப் பிடித்து வேகத்தை அடக்குங்கள். சிறிய சக்கரமும் தாழ்ந்த சீட்டும் இருப்பதால் 5.5 மீட்டரில் ஸ்கூட்டர் திரும்புவது பைக்கைவிட எளிது.

மின் ஸ்கூட்டரில் இந்த முறை பல மாடல்களில் எடுபடாது. பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டாருக்கு மின்சாரம் நிறுத்தப்படும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டாலும் ரீஜென் (மோட்டாரே பிரேக் போல இழுப்பது) பிடித்து வேகம் குறையும். இரண்டுமே பாதித் திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் சரியவைக்கும். ஆக்ஸிலேட்டரை மிக மெல்ல மட்டும் பயன்படுத்தி, குறைந்த வேக மோடில் திருப்புவதே இங்கே வழி. ஏதர் 450, ஓலா எஸ்1, டிவிஎஸ் ஐக்யூப் போன்றவற்றில் ரிவர்ஸ் வசதி உண்டு. குறுகிய சாலையில் ஒரே வீச்சை மறந்துவிட்டு முன்னும் பின்னுமாகத் திருப்பலாம்.

மலை வளைவுகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் தேவைப்படுவது ஏறக்குறைய இதே திறமைதான். ஆனால் அங்கே வேறு வழிகள் கிடையாது, உருண்டே ஆக வேண்டும். ஏறும்போது இடப்பக்க வளைவுதான் கடினம்: நம் தடம் உள்பக்கம் விழுவதால் ஆரம் சிறியது, சரிவு செங்குத்து. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், மேலிருந்து வண்டி வரவில்லை என்று உறுதியானால் தடத்தின் வெளி ஓரத்திலிருந்து நுழையுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்ற கிளட்சைப் பிடித்தால் வண்டி நின்று, சரிவின் கீழ்ப்பக்கமே விழும். ஏறும்போது பின் பிரேக் தேவையில்லை, சரிவே அந்த வேலையைச் செய்கிறது. இறங்கும்போது முதல் கியரில் எஞ்சின் பிடிப்போடு பின் பிரேக்கையும் லேசாக வைத்திருங்கள்.

எவ்வளவு பழக வேண்டும்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டு உரிமம் வாங்கியது ஒரு தொடக்கம். பெரும்பாலோர் அதை இலகுவான வண்டியில் போட்டிருப்பார்கள், பிறகு 195 கிலோ வண்டிக்கு மாறியதும் அந்தப் பழக்கம் போதாது. பிரிட்டனில் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வின் முதல் கட்டத்தில் 7.5 மீட்டர் அகலத்துக்குள் கால் படாமல் யூ-டர்ன் எடுக்க வேண்டும். ஜப்பானில் 15 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள மேடையில் பெரிய வண்டியை 10 வினாடிக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும், 400 சிசி வரையிலான வண்டிக்கு 7 வினாடி. 15 மீட்டரை 10 வினாடியில் கடப்பது மணிக்கு 5.4 கி.மீ. யூ-டர்னுக்கு வேண்டிய வேகத்தைவிடக் குறைவு, அதனால்தான் அது நல்ல பயிற்சி.

வண்டியில்லாத சிமெண்ட் அல்லது தார் மைதானத்தில் சாக்பீஸால் இரண்டு கோடுகள் போட்டு 15 மீட்டரை நேராக 10 வினாடியில் கடக்கப் பழகுங்கள். ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்கும் இங்கேயே கைவந்துவிடும். பிறகு 7.5 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு வலப்பக்க யூ-டர்ன், அது கால் படாமல் தொடர்ந்து வந்தால் அரை அரை மீட்டராகக் குறைத்து 5.5-க்கு வாருங்கள். அடையாளத்துக்குச் செங்கல் வேண்டாம், சக்கரம் ஏறினால் விழவைக்கும். தட்டையான ரப்பர் துண்டோ வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், இடது கை சோர்ந்ததும் கிளட்ச் கட்டுப்பாடு போய்விடும். நனைந்த தரையில் மறுபடி முதலிலிருந்து, 7.5 மீட்டரில் தொடங்குங்கள்.